பேயுமல்ல, டிமிக்கியுமல்ல!

2001 ஆகஸ்டு 6 விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. ஓட முடியவில்லை, சங்கிலியால் கட்டியிருந்தார்கள்! 28 பேர் மாண்டனர்.

கொண்டுபோய் விட்ட பெற்றோர் கல்நெஞ்சரா? இல்லை. இது நோய் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? மந்திரவாதி பேய் என்றான், காசு பறித்தான். ஆலை மேஸ்திரியோ டிமிக்கி என்று சீட்டைக் கிழிக்கிறான்.

நாம் சொல்கிறோம், தோழர்களே: இது மனச்சிதைவு நோய். பெரும்பாலும் வாலிப வயதில் பிடிக்கிறது. ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கும். அது ஏசும், ஏவும். அதற்குப் பதில் சொல்பவனைத்தான் 'தானாகப் பேசுகிறான்' என்று சிரிக்கிறோம். சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளுவான். பேச்சு கோவையற்றுப் போகும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் முன்பே தூக்கம் கெட்டு, குளிக்காமல், கூட்டாளிகளை விட்டு மூலையில் ஒதுங்குவதும் உண்டு. மேஸ்திரி சோம்பல் என்பது இதைத்தான்! இரண்டு நாள் துக்கத்தை நாம் சொல்லவில்லை. வாரக்கணக்கில் நீடிப்பதைச் சொல்கிறோம்.

குரலே இல்லை என்று அவனோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அடிக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 1950-களிலிருந்தே இதற்கு மருந்து உண்டு; கொஞ்சம் தேறியதும் நிறுத்தினால் நோய் திரும்பும்.

2017-ம் வருடச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு இலவச சிகிச்சை உரிமை என்கிறது. ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் இல்லையா? மருந்து இல்லையா? ஏன் இல்லை என்று கேளுங்கள், பத்துப் பேராகப் போய்!