அணை வந்தால் போதுமா? பங்கு யாருக்கு?

தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பார்கள். வறட்சி ஜில்லாக்களிலோ அது பணத்தை நோக்கி ஓடுகிறது!

மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். நாட்டிலேயே பெரிய அணைகள் அதிகமுள்ள மாநிலம் அது. அப்படியிருந்தும் 2016 ஏப்ரலில் லாத்தூர் நகர மக்கள் குடிப்பதற்கு, சாங்லி ஜில்லா மிரஜிலிருந்து சுமார் 340 கிலோமீட்டர் தூரம் ரயிலில் தண்ணீர் கொண்டுபோக நேர்ந்தது. அணைத் தண்ணீர் எங்கே போயிற்று? சாகுபடி நிலத்தில் ஒரு சிறு பகுதியே உள்ள கரும்பு, பாசன நீரில் பெரும்பங்கைக் குடித்துவிடுகிறது. சர்க்கரை ஆலையை ஆட்டி வைப்பவர்களில் பலர்தான் அங்கே தேர்தலில் நிற்கிறவர்களும். மதகுச் சாவி யார் கையில் என்று சொல்லவும் வேண்டுமா?

அதே சாங்லி ஜில்லாவில் உழைப்பாளி மக்கள் வேறொரு வழியும் காட்டினார்கள்.

1982 ஜனவரி 18-ல் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் சுமார் 2½ லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மாதங்கள் பல ஓடின. கூலியின்றி ஊர் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் கானாப்பூர் தாலுக்காக்காரர்கள். அங்கே வறட்சி. சர்க்காரின் வேலை உறுதித் திட்டத்தில் கல்லுடைப்பு. ஆண்டுக்கணக்கில் கல்லுடைத்தும் வறட்சி ஏன் ஒழியவில்லை என்ற கேள்வி பிறந்தது. ஆலைத் தொழிலாளியும் விவசாயியும் சேர, ‘முக்தி சங்கர்ஷ்’ இயக்கம் உருவாயிற்று.

யெரளா ஆற்று மணலைக் கண்டிராக்டர்கள் வாரிச் சென்றதால் கிணறுகள் வற்றின. மணல் ஊருக்கே சொந்தம் என மக்கள் போராடினார்கள். அதில் சிறிதளவை விற்ற பணத்தோடும் தங்கள் உடலுழைப்போடும், 1980-களின் பிற்பகுதியில் பலவடி, தாந்துல்வாடி கிராமத்தார் அணை கட்டினார்கள். சர்க்கார் அனுமதியையும் போராடித்தான் பெற்றார்கள். அணையின் பெயர் ‘பலி ராஜா’; உழவர் போற்றும் மகாபலி.

அணையைவிடப் பெரிது அதன் சட்டம். நிலத்தின் அளவுக்கு அல்ல, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தண்ணீர். நிலமில்லாக் குடும்பத்துக்கும் பங்கு!

நிலமில்லாதவனுக்குத் தண்ணீர் எதற்கு என்பார்கள் மிராசுதாரர்கள். தண்ணீர்ப் பங்கு கையிலிருந்தால் குத்தகைக்கு நிலம் எடுத்து விதைப்பான். கூலி பேசும்போதும் குனியமாட்டான். அவர்களுக்குப் பயமே அதுதான்.

தோழர்களே! அது நம் கட்சி நடத்திய இயக்கமல்ல. அதனால் பாடம் நமக்கு வேண்டாமென்று தள்ள முடியுமா? நாமும் மகாநாடுகள்தோறும் “அணை கட்டு!” என்று தீர்மானம் போட்டோம். கட்டிய அணையில் விவசாயத் தொழிலாளிக்கு என்ன பங்கு என்று அதே மூச்சில் கேட்டோமா? பல இடங்களில் கேட்கவில்லை. அது நமது குறை, ஒப்புக்கொள்வோம்.

இனி அணை கேட்டு மனு எழுதும்போதே, நிலமில்லாதவனின் பங்கையும் முதல் வரியில் எழுதுவோம். அணைக்குக் கல் சுமப்பவன் அவன். தண்ணீரில் பங்கு அவனுக்குப் பிச்சையல்ல, பாத்தியதை!