வாட்ச்மேன் ஃபேனும் மின் சிக்கன விழாவும்

ஒரு அபார்ட்மெண்ட்டில் கரண்ட் மிச்சம் பிடிக்கணும்னு கமிட்டி முடிவு செய்தால் முதலில் யார் மேல் கை வைப்பார்கள்? எங்க பில்டிங்கில் வாட்ச்மேன் மேல் வைத்திருக்கிறார்கள். "இரவு 10 மணிக்கு மேல் காவலாளி அறையில் மின்விசிறி பயன்படுத்தக் கூடாது." போன வாரம் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய சர்க்குலரில் இதுதான் முதல் வரி. இரண்டாவது, 11 மணிக்கு மேல் மாடிப்படி விளக்குகள் அணைக்கப்படும். மூன்றாவது, அதே 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை லிஃப்ட் நிறுத்தப்படும். அதற்குக் கீழே வீட்டுக்காரர்களுக்கு அறிவுரை ஏழெட்டு. வருகிற பொதுக்குழுவில் தீர்மானமாகவே நிறைவேற்றப் போகிறார்களாம்.

எனக்கு இதில் முழு எதிர்ப்பு. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். கணக்கு என்றாலே அலர்ஜி ஆகிறவர்கள் நாலு பத்தி தாண்டிக் குதித்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன் :-)

முதலில் கமிட்டி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்க செயலாளர் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவர் இல்லை. காலையில் குழாயில் தண்ணி வரவில்லை என்றால் அஞ்சரை மணிக்கே அவருக்குத்தான் போன். மெயிண்டெனன்ஸ் கட்டாமல் இழுத்தடிக்கும் வீடுகளைக் கெஞ்சிக் கூத்தாடி வசூல் செய்கிறவரும் அவர்தான். பொது கரண்ட் பில் ஏறிவிட்டது என்று அவர் புலம்புவது பொய்யும் இல்லை. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின் கட்டணத்தை மாற்றியபோது, அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டு இணைப்புக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தார்கள். வீட்டு இணைப்புக்கு இருப்பது போல முதல் 100 யூனிட் இலவசம் எல்லாம் அதில் கிடையாது. ஊரெல்லாம் கூச்சல் கிளம்பி, 2023 இறுதியில் சின்னக் கட்டடங்களுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். 10 வீடு அல்லது அதற்குள், மூன்று மாடி அல்லது அதற்குள், லிஃப்ட் இல்லாத கட்டடம் என்றால்தான் அந்தச் சலுகை. நாங்கள் 16 வீடு, நாலு மாடி, லிஃப்டும் உண்டு. மூன்றிலும் ஃபெயில். அதற்குப் பிறகும் கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. கணக்குக்கு வசதியாக 8 ரூபாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இப்போ அந்த ஃபேன் கதைக்கு வருவோம். பழைய சீலிங் ஃபேன், 75 வாட். ராத்திரி 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட். இரண்டு மாச பில்லுக்கு 60 நாள் என்றால் 54 யூனிட், 432 ரூபாய். 16 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 27 ரூபாய், அதுவும் இரண்டு மாசத்துக்கு. மாசத்துக்கு 13 ரூபாய் 50 காசு. எங்க தெருமுனைக் கடையில் ஒரு டீ. இவ்வளவையும் நாம் கொடுத்துவிடப் போகிறோம் என்றுதான் வாட்ச்மேன் பெரியவரைக் கொசுவுக்கும் புழுக்கத்துக்கும் நடுவில் விசிறிமட்டையோடு உட்காரச் சொல்கிறோம். பங்குனி வெயில் இப்பவே மண்டையைப் பிளக்கிறது. சித்திரையில் அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறை எப்படி இருக்கும் என்று தீர்மானம் எழுதினவர் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

பெரியவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானாகப் போய்க் கேட்டதற்கு, "விடுங்க சார், வாசல்ல காத்து வரும்"னு சிரித்தார். வாசலில் காத்து வராது. எதிரே ஏழு மாடிக் கட்டடம் எழுப்பி மூணு வருஷம் ஆகிறது.

சரி, ஃபேன் இல்லையென்றால் பில் எங்கிருந்து ஏறுகிறது? போன பில் 1,340 யூனிட். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரும் பேனாவுமாக ஸ்டில்ட்டிலிருந்து மொட்டை மாடி வரை நடந்தேன். தங்கமணி "வேற வேலை இல்லையா"ன்னு பார்த்த பார்வையைப் பொருட்படுத்தவில்லை. பார்க்கிங்கில் 7, மாடிப்படியிலும் தாழ்வாரத்திலும் 9, ஆக மொத்தம் 16 ட்யூப்லைட். எல்லாம் பழைய 40 வாட் குழல், கனமான சோக்கு. சோக்கு தின்பதையும் சேர்த்தால் ஒன்றுக்கு 50 வாட்டுக்குக் குறையாது. சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறு வரை எரிந்தால் நாளைக்கு 9.6 யூனிட், இரண்டு மாசத்துக்கு 576. சம்ப்பிலிருந்து மேலே ஏற்றும் மோட்டாரும் போர் மோட்டாரும் ஆளுக்கு இரண்டு குதிரைசக்தி, நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓடுகின்றன. குத்துமதிப்பாக 480 யூனிட். லிஃப்டுக்கு 180 போடுங்கள். மிச்சம் கேமரா, கேட் விளக்கு, பெரியவர் ஃபேன்.

பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ட்யூப்லைட்டே சாப்பிடுகிறது, பார்த்தீர்களா? அந்தப் பதினாறையும் 20 வாட் எல்.இ.டி.யாக மாற்றினால் 576 என்பது 230 ஆகிவிடும். மிச்சம் 346 யூனிட், ஒரு பில்லுக்கு 2,768 ரூபாய். எங்க பக்கத்து எலக்ட்ரிக் கடையில் ஒரு ட்யூப் 280 சொன்னார், பதினாறுக்கு 4,480. இரண்டே பில்லில் போட்ட காசு வந்துவிடும். கமிட்டி சொல்கிற மாதிரி மாடிப்படி விளக்கு ஒன்பதையும் ராத்திரி 11 முதல் 6 வரை அணைத்தால் மிச்சமாவது 189 யூனிட்தான். இருட்டில் யாராவது படியில் உருண்டால் ஆஸ்பத்திரிச் செலவு தனி. வெளிச்சத்தோடு இருந்தே அதைவிட அதிகம் மிச்சம் பிடிக்கலாம் எனும்போது எதற்கு இருட்டு?

லிஃப்ட் விஷயம் இன்னும் வேடிக்கை. ஆள் ஏறாதபோது லிஃப்ட் பெரிதாகக் கரண்ட் இழுக்காது. உள்ளே இருக்கும் லைட்டும் ஃபேனும் தானாக அணைகிறதா என்று பார்த்தால் போதும். ராத்திரி ஒரு மணிக்கு யார் லிஃப்டில் ஏறுவார்கள்? நாலாவது மாடியில் முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு மாமி இருக்கிறார். மூணாவது மாடியில் இதயத்துக்கு மருந்து சாப்பிடும் ஒருத்தர். அர்த்த ராத்திரியில் லிஃப்ட் தேவைப்படுகிறவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். அந்த நேரத்தில் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டிச் சாவி வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

அப்புறம் அந்த மொட்டை மாடி டேங்க். தினமும் காலையில் கால் மணி நேரமாவது நிரம்பி வழிகிறது. பின்பக்கச் சுவரில் பாசி பிடித்து வாழைத்தண்டு மாதிரி வழுக்குகிறது. மோட்டாரைப் போட்டவர் பால் வாங்கப் போனால் அவ்வளவுதான். தண்ணி நிரம்பினதும் தானாக நிறுத்தும் லெவல் கன்ட்ரோலர் வைக்கணும்னு இரண்டு வருஷமாக மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எழுதுவதற்குக் கரண்ட் செலவில்லை, அதனால் எழுதுகிறார்கள் போல. கால் மணி நேர மோட்டார் என்றால் ஏறக்குறைய அரை யூனிட், இரண்டு மாசத்துக்கு 30. அந்தத் தண்ணியைப் பூமிக்குள்ளிருந்து இழுத்துக் கொடுத்த போர் மோட்டாரின் உழைப்பும் சாக்கடைக்குப் போகிறது.

நிற்க. போன டிசம்பர் 14 தேசிய ஆற்றல் சேமிப்பு நாள் என்று எங்க சங்கம் ஒரு விழா எடுத்தது. நல்லாத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி, பெரியவர்களுக்கு மியூசிக்கல் சேர், கடைசியில் சுண்டலும் கேசரியும். ஒரே படியில் ஏறி இறங்கி வருஷக்கணக்கில் முகம் பார்க்காத இரண்டு குடும்பம் அன்றைக்குத்தான் பேசிக்கொண்டார்கள். இப்படிக் கூடுவது குறைந்துகொண்டே வருகிறது. 2012 வாக்கில் மின்வெட்டுக் காலத்தில் சென்னையில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் மொத்தப் பில்டிங்கும் மொட்டை மாடியில் இருக்கும். வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் போய் மக்கள் நொந்து நூலானது வேறு கதை. இப்போது கரண்ட் இருக்கிறது, மொட்டை மாடியில் ஆள் இல்லை.

ஆனால் அந்த விழாவில் பந்தல்காரர் கொண்டுவந்து மாட்டினது 500 வாட் ஹாலஜன் விளக்கு நாலு. சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை மூணு மணி நேரம். ஆறு யூனிட். பெரியவரின் ஃபேன் ஏறக்குறைய ஏழு ராத்திரி ஓடுகிற கரண்ட்டில் "மின்சாரம் சேமிப்போம்" ஃப்ளெக்ஸுக்கு வெளிச்சம் காட்டினோம். விழாவில் அரை மணி நேரம் அறிவுரை. எங்க பில்டிங் பில் எத்தனை யூனிட் என்று மட்டும் மைக்கில் யாரும் சொல்லவில்லை. மேடையில் இருந்த அஞ்சு பேரில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சர்க்குலரில் வீட்டுக்காரர்களுக்கான அறிவுரையில் முதலிடம், செல்போன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றி வையுங்கள். செய்யலாம், தப்பில்லை. போன் மாட்டாமல் சும்மா தொங்கும் இந்தக் காலத்து சார்ஜர் இரண்டு மாசத்துக்கு அரை யூனிட் தின்றாலே அதிகம். டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டு சுவிட்சை அப்படியே விட்டால் செட்டாப் பாக்ஸ் விழித்துக்கொண்டே கிடக்கும். அது பத்து வாட் என்றால்கூட 14 யூனிட். கீசர் இரண்டு கிலோவாட், அரை மணி நேரத்தில் ஒரு யூனிட். பெரிய மீன் இதெல்லாம்.

வீட்டு பில்லில் நம்ம ஊர்க்காரர்கள் பலபேர் கவனிக்காத ஒரு இடம் 500 யூனிட் கோடு. 2022 கட்டணத்தின்படி இரண்டு மாசத்துக்குச் சரியாக 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 510 ஆகிவிட்டால் 2,030. பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய். காரணம், 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரை இருந்த மலிவு விலை பறந்துபோய் அந்த நூறுக்கும் கூடுதல் விலை போட்டுவிடுவார்கள். இதற்குப் பின் விலை மாறினாலும் இந்த அமைப்பு மாறவில்லை. இ.பி. மீட்டரை மாசம் ஒருமுறை நாமே எட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரிந்துவிடும். எங்க வீட்டில் நாலு ஃபேனையும் பி.எல்.டி.சி. ஆக மாற்றினோம். 75 வாட் இருந்த இடத்தில் 30 வாட். நாளைக்கு 12 மணி நேரம் என்று வைத்தால் நாலுக்கும் சேர்த்து இரண்டு மாசத்தில் 130 யூனிட் குறைய வேண்டும், கிட்டத்தட்ட அப்படியே குறைந்தது. ஏ.சி.யை 24க்குக் கீழே இறக்காமல் இருப்பது அடுத்தது. ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மிச்சம் என்று பி.இ.இ. எனும் ஆற்றல் சேமிப்பு அமைப்பே சொல்கிறது. எங்க பையன் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

சோலார் போடலாமே என்று கேட்பீர்கள். 2024இல் வந்த சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்கும் பொது மின்சாரத்துக்காகக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் என்று வைத்தார்கள். எங்க மொட்டை மாடி யாருக்குச் சொந்தம் என்ற சண்டை முடிந்தால் அதைப் பேசலாம். நாலாவது மாடிக்காரர் ஒருத்தர் அங்கே வடாம் காயப் போடக்கூட அனுமதி வாங்கணும் என்கிறார்.

பொதுக்குழுவில் நான் கேட்கப் போவது மூன்றுதான். ஃபேன், விளக்கு, லிஃப்ட் என்ற அந்த முதல் மூன்று வரியையும் தீர்மானத்திலிருந்து எடுக்க வேண்டும். ட்யூப்லைட்டையும் லெவல் கன்ட்ரோலரையும் இந்த மாசமே வாங்க வேண்டும், பெரியவர் அறைக்கு ஒரு பி.எல்.டி.சி. ஃபேனும் சேர்த்து. இனி ஒவ்வொரு பில் வரும்போதும் இத்தனை யூனிட், இத்தனை ரூபாய், போன தடவை இத்தனை என்று நோட்டீஸ் போர்டில் எழுத வேண்டும். பணம் இல்லை என்றால் அடுத்த டிசம்பர் விழாவில் ஹாலஜனையும் ஃப்ளெக்ஸையும் கழித்துக்கொள்ளட்டும். சுண்டலைக் கழிக்க விட மாட்டேன்.

ஆதரவு இதுவரை எண்ணியதில் ஏழு வீடு. இன்னும் இரண்டு வீடு வேண்டும். நாலாவது மாடி மாமி வருவதாகச் சொல்லிவிட்டார், லிஃப்ட் ஓடினால்.

டிஸ்கி: உங்க பில்டிங்கில் பொது பில் எத்தனை யூனிட் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தங்கமணிகளும் ரங்கமணிகளும் முறைத்தால் கம்பெனி பொறுப்பல்ல.