தவற்றைச் சொன்னவருக்கு நன்றி

மாணவர்களே, 2025 மார்ச் 23ஆம் நாள் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் கணினி முறை இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. தாக்கியவர்கள் 1 கோடி அமெரிக்க டாலர் பிணைப்பணம் கேட்டனர். பிரதமர் அன்வார் இப்ராஹிம் தர மறுத்தார். விமான நேரங்களை வெண்பலகையில் கையால் எழுதிவைத்திருந்த படங்கள் பரவின. நம் பினாங்கு விமான நிலையத்தையும் அதே நிறுவனம்தான் நடத்துகிறது.

தொழில்நுட்பத் துறைத் தலைவருக்கு மூன்று கவலைகள்: சேவை நிற்கக்கூடாது, தரவு திருடுபோகக்கூடாது, குழு சோர்ந்துவிடக்கூடாது. மென்பொருளைப் புதுப்பிக்கக் கணினியை நிறுத்தினால் வேலை தாமதமாகும். நிறுத்தாவிட்டால் திருடன் நுழையும் ஓட்டை அடைபடாது.

மூன்றிலும் குழுதான் முதன்மையானது என்பது என் கருத்து. பல தாக்குதல்கள் யாரோ ஒருவர் போலி மின்னஞ்சலைத் திறப்பதில்தான் தொடங்குகின்றன. அவர் உடனே சொன்னால், அந்தக் கணினியின் இணைப்பைத் துண்டித்து மற்றவற்றைக் காப்பாற்றலாம். ஏச்சுக்குப் பயந்து மறைத்தால், நச்சுநிரல் ஒவ்வொரு கணினியாகப் பரவும். பயமுறுத்தும் தலைவருக்குச் செய்தி கடைசியாகத்தான் வந்து சேரும்.

பள்ளிக் கணினி அறையிலும் இதே கதைதான். தெரியாத இணைப்பைத் தட்டிவிட்டீர்களா? உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஏசுவதற்கு முன் நன்றி சொல்ல ஆசிரியர்களாகிய நாங்களும் பழக வேண்டும்.