இன்னொரு தடவை விட்டுப் பாக்கலாம்

சென்னையில இருக்கிற நண்பர் ஒருத்தர் போன வாரம் போன் பண்ணினார். கோபி பக்கம் நாலு ஏக்கர் வாங்கியிருக்கார். "ஆடி மாசம் அந்தியூர் சந்தைக்கு வர்றேங்க, நல்ல பெட்டைக் குதிரையா ஒண்ணு பிடிச்சுக் குடுங்க. வருஷம் ஒரு குட்டி போட்டாப் போதும், செலவை அதுவே பாத்துக்கும்" அப்படின்னார். சரிங்கன்னு சொல்லிட்டு போனை வெச்சேன். ஆனா சித்தப்பாவோட வெள்ளைக் குதிரை ஞாபகம் வந்துருச்சு. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுல கூடுற குதிரைச் சந்தை பத்தி நீங்க பேப்பர்ல படிச்சிருப்பீங்க. கத்தியவார், மார்வார், வெள்ளை வெளேர்னு நுக்ரா எல்லாம் வரும். வாங்க வர்றவங்க சுழி பார்ப்பாங்க, பல்லைப் பிடிச்சு வயசு பார்ப்பாங்க, நடக்க விட்டுப் பார்ப்பாங்க. வாலைத் தூக்கிப் பார்க்கிறவங்க ரொம்பக் குறைவு. குட்டிக்காகப் பெட்டைக் குதிரை வாங்கறவங்க முதல்ல பார்க்க வேண்டிய இடமே அதுதான்.

சித்தப்பா அந்தக் குதிரையை வாங்கும்போது ஒரு குட்டி போட்டிருந்தது. வயசு பன்னெண்டு, பதிமூணு இருக்கும். அடுத்த குட்டிக்கு ஆசைப்பட்டு ஆண்குதிரைகிட்ட சேத்து விட்டார். நிக்கலை. திரும்பப் பருவத்துக்கு வந்துச்சு, திரும்ப விட்டார். நாலு முறை இப்படியே போச்சு. ஒவ்வொரு தடவையும் எங்கூர் பெருசுங்க சொன்னது ஒரே வார்த்தைதான்: "இன்னொரு தடவை விட்டுப் பாக்கலாம்." ஒருத்தர் எள்ளும் வெல்லமும் இடிச்சுக் குடுக்கச் சொன்னார். இன்னொருத்தர் ஆண்குதிரையை மாத்தச் சொன்னார். ஆண்குதிரைக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் காசு போச்சு, அவர் வேண்டாம்னு எதுக்குச் சொல்லப் போறார்?

மாட்டுக்குப் பருவம் ஒரு நாள் கூட முழுசா நிக்காது. காலையில கத்துச்சுன்னா சாயந்திரம் சினை ஊசி போட ஆள் தேடி ஓடணும். குதிரைக்கு அஞ்சாறு நாள் இருக்கும். கருமுட்டை வர்றது அந்த அஞ்சாறு நாள்ல கடைசியில. இது தெரியாம முதல் நாள்ல இருந்து தினமும் சேத்து விடறது எங்க பக்கம் வழக்கம். அதிகம் விட்டா கட்டாயம் நிக்கும்னு ஒரு கணக்கு.

அந்தக் கணக்கு எவ்வளவு தப்புன்னு எனக்குப் புரிய வெச்சது ஒரு கால்நடை டாக்டர். மூணாவது தடவைக்கு அப்புறம் குதிரை 21 நாள் கழிச்சு வர வேண்டிய பருவத்துக்குப் பதினஞ்சாம் நாளே வந்துருச்சு. வால் முடி அடியில ஒட்டிக் காஞ்சு போயிருந்தது.

"ஏனுங் சித்தப்பா, ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டிப் போடலாமுங்க" ன்னேன்.

"நல்லாத் திங்குது, நல்லா ஓடுது. இதுக்கென்ன நோவு கண்ணு?" ன்னார்.

அதுதான் இந்த நோவுல இருக்கிற வம்பு. காய்ச்சல் இல்லை, தீனி குறையாது. கர்ப்பப்பைக்குள்ள புண்ணு இருக்கிறது வெளியில தெரியவே தெரியாது. நாலாவது தடவையும் பொய்த்த பின்னாடிதான் சித்தப்பா இறங்கி வந்தார்.

டாக்டர் ஸ்கேன் பண்ணிப் பார்த்தார். கர்ப்பப்பையில தண்ணி கட்டியிருந்தது. அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். சேத்து விட்டாலே எந்தக் குதிரைக்கும் கர்ப்பப்பை கொஞ்சம் வீங்கும். ஆண்குதிரையோட விந்தும், கூடவே போற அழுக்கும் உள்ள போய்ப் புண்ணாக்கும். இளங்குதிரையா இருந்தா கர்ப்பப்பை சுருங்கிச் சுருங்கி ஒண்ணு ரெண்டு நாள்ல எல்லாத்தையும் வெளிய தள்ளிரும். வயசான குதிரைக்குக் கர்ப்பப்பை தொங்கிப் போயிருக்கும், தள்ளத் தெம்பு இருக்காது. அழுக்குத் தண்ணி உள்ளேயே தேங்கும், கிருமி பெருகும். அப்புறம் கரு வந்தாலும் ஒட்டி நிக்க இடமில்லை. அந்த நேரத்துல இன்னொரு தடவை விடறது, சீழ் வெச்ச புண்ணுல மண்ணை அள்ளிப் போடற மாதிரி. நாங்க அஞ்சு நாளும் போட்டோம். நாலு தடவை போட்டோம்.

இன்னொண்ணும் காட்டினார். இளைச்ச கிழட்டுக் குதிரைக்கு ஆசனவாய் உள்வாங்கிப் போயிரும். அப்போ பிறப்புறுப்போட மேல்பாகம் சாய்ஞ்சுக்கும். போடற சாணி நேரா அதுமேல விழும், நடக்கும்போது காத்தையும் உள்ள இழுக்கும். மேல் பாதியைத் தையல் போட்டு மூடினா அந்த வழி அடைஞ்சிரும். காஸ்லிக்னு ஒரு அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 1937லயே இதை எழுதி வெச்சிருக்கார், இன்னைக்கும் அந்தத் தையலுக்கு அவர் பேர்தான். குட்டி போடறதுக்கு முன்னாடி மறக்காம பிரிச்சு விடணும், இல்லைன்னா கிழிஞ்சு போயிரும்.

மருந்தும் ஒண்ணும் மாயமில்லை. உள்ளே இருந்து பஞ்சுக்குச்சியில சாம்பிள் எடுத்து, எந்தக் கிருமின்னு பார்த்து, அதுக்குன்னு மருந்து. உப்புத் தண்ணி விட்டுக் கர்ப்பப்பையைக் கழுவறது. சுருங்கறதுக்கு ஆக்சிடோசின் ஊசி. எல்லாத்துக்கும் மேல, இந்தப் பருவம் முழுக்க ஆண்குதிரை பக்கமே கொண்டு போகக் கூடாதுன்னார். அடுத்த தடவை விடும்போது ஸ்கேன் பார்த்து, கடைசி நாள்ல ஒரே ஒரு தடவை. அதுவும் ரெண்டு பேரையும் கழுவித் துடைச்சு, வாலுக்குத் துணி சுத்தி. அப்படிச் செஞ்சாலும் நிக்கும்னு உறுதி இல்லை, புண்ணு ஆறி உள்ளே தழும்பாகியிருந்தா அதை மாத்த முடியாதுன்னும் மறைக்காமச் சொன்னார்.

சித்தப்பாவைக் கெட்டவர்னு நினைச்சுராதீங்க. பொட்டு, கொள்ளு, புல்லுன்னு தினம் ஆகிற செலவு அவருக்குத்தான் தெரியும். மாட்டுக்கும் எங்க ஊர்ல இதே கதைதான். மூணு ஊசி நிக்கலைன்னா கர்ப்பப்பையைக் காட்டணும். யாரும் காட்டறதில்லை, நாலாவது ஊசி, அஞ்சாவது ஊசி, அப்புறம் "மலட்டு மாடு" ன்னு பேர் வெச்சு வண்டியில ஏத்திருவாங்க. அந்த மாடு கன்னு போடும்போது நஞ்சுக்கொடியை வெறுங்கையில இழுத்தது யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. மலடுங்கற வார்த்தை நமக்கு ரொம்பச் சுலபமா வாயில வருது, மனுசங்க விஷயத்துலயும்.

சித்தப்பா அடுத்த பருவம் வரைக்கும் பொறுக்கலை. ஆடி வந்ததும் அந்தியூருக்கு ஓட்டிட்டுப் போனார். கூட நானும் போனேன். காலையிலேயே வாலைச் சோப்புப் போட்டுக் கழுவினது நான்தான். பெங்களூர்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி வந்தார். தோட்டம் போட்டிருக்காராம், குழந்தைங்களுக்குக் குதிரைக்குட்டின்னா உசுராம். "குட்டி போடுமுங்களா?" ன்னு கேட்டார். "ஏற்கனவே ஒண்ணு போட்டதுங்க தம்பி" ன்னார் சித்தப்பா. அது பொய்யில்லை. நான் பக்கத்துல நின்னேன், வாயைத் திறக்கலை.

சென்னை நண்பருக்கு நேத்து திரும்பப் போன் பண்ணினேன். சந்தையில குட்டிக்காக வாங்க வேண்டாம், சவாரிக்கும் அழகுக்கும் வேணும்னா பாருங்க. குட்டிதான் வேணும்னா வயசு கம்மியான பெட்டையாப் பாருங்க. எப்போ கடைசியாக் குட்டி போட்டுச்சு, அப்புறம் எத்தனை தடவை விட்டீங்கன்னு கேளுங்க, பணம் குடுக்கறதுக்கு முன்னாடி ஸ்கேன் பார்க்க ஒத்துக்கிட்டாதான் கையை நீட்டுங்கன்னேன். "சந்தையில போய் ஸ்கேனுங்களா?" ன்னு சிரிச்சார். சிரிக்கட்டும்.

பெங்களூர்த் தம்பி இதைப் படிக்கிறாரான்னு தெரியலை. வெள்ளைக் குதிரை, இடது முன்னங்கால் குளம்புக்கு மேல சின்னத் தழும்பு. தம்பி, அதை இதுக்கு மேல எங்கேயும் விடாதீங்க. அந்த டாக்டர் எழுதின சீட்டு, என்ன கிருமி, எந்த மருந்துன்னு எல்லாம், என்கிட்ட இருக்கு. எப்போ கேட்டாலும் போட்டோ எடுத்து அனுப்பறேன்.