ஆங்கிலம் படி என்று அதட்டுகிறாயே, வகுப்பறையை ஏன் பூட்டினாய்?

அன்பிற்குரிய இளைஞனே! கடல் கடந்து பொருள் தேடும் வணிகச் சகோதரரே!

பிரிட்டனில் குடியேறியவர்கள் ஆங்கிலம் கற்றே தீர வேண்டும் என்ற கூப்பாடு மீண்டும் உரத்துக் கேட்கிறது. 2025 மே மாதம் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, வேலைக்கு வருவோருக்கான ஆங்கிலத் தகுதியை உயர்த்தப் போவதாகச் சொன்னது. அவர்களோடு வரும் கணவனோ மனைவியோ கூடத் தொடக்கநிலை ஆங்கிலம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க அதிபர் டிரம்ப் ஆங்கிலத்தை அந்நாட்டின் ஆட்சிமொழியாக அறிவித்து ஆணையிட்டார். அத்தோடு நின்றாரா? ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு மொழி உதவி கிடைக்க 2000ஆம் ஆண்டில் கிளிண்டன் பிறப்பித்த ஆணையையும் ரத்து செய்தார். ஒரு கையால் மொழியைத் திணித்து, மறு கையால் உதவியைப் பறித்தார்!

நீ கேட்கலாம்: "போன இடத்தின் மொழியைக் கற்பதில் என்ன தவறு?"

ஒரு தவறும் இல்லை. கற்கத்தான் வேண்டும். ஆனால் கற்கச் சொல்பவனின் யோக்கியதை என்ன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டா, இல்லையா?

கணக்குப் பார்ப்போம் வாருங்கள்!

2016 ஜனவரியில் அன்றைய பிரதமர் டேவிட் கேமரூன் முஸ்லிம் பெண்கள் மீது திடீர்க் கரிசனம் கொண்டார். பிரிட்டனில் 22 சதவீத முஸ்லிம் பெண்கள், அதாவது 1,90,000 பேர், ஆங்கிலம் சரியாகப் பேசத் தெரியாதவர்கள் என்றார். அவர்களுக்காக இரண்டு கோடி பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தார். துணைவர் விசாவில் வந்தவர்கள் இரண்டரை ஆண்டுகளில் ஆங்கிலத்தில் முன்னேற்றம் காட்டாவிட்டால் நாட்டில் தொடர்ந்து இருக்க முடியாமல் போகலாம் என்றும் எச்சரித்தார்.

வியாபாரிகளே! உங்களுக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு கோடியை 1,90,000 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 105 பவுண்டு. இந்தப் பணத்தில் ஒரு மொழியைக் கற்று முடிக்க முடியுமா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த அறிவிப்புக்குச் சில மாதங்களுக்கு முன், 2015 கோடையில், வேலை தேடும் குடியேறிகளின் ஆங்கில வகுப்புகளுக்கான நாலரைக் கோடி பவுண்டை வெட்டியது யார்? இதே கேமரூன் அரசுதான்! இங்கிலாந்தில் குடியேறிகளின் ஆங்கில வகுப்புகளுக்கு 2010ல் 20 கோடியே 30 லட்சம் பவுண்டாக இருந்த அரசு நிதி, 2016ல் 9 கோடியாகச் சுருங்கியது. அதற்கும் முன்பு, 2007ல், புகலிடம் கோரி வந்தவர்கள் ஆறு மாதம் காத்திருந்த பிறகே கட்டணமின்றிப் படிக்கலாம் என்று விதி செய்தது தொழிற்கட்சி அரசு. ஆட்சிகள் மாறின, வகுப்பறைகளின் பூட்டு மாறவில்லை.

கிணற்றைத் தூர்த்துவிட்டு, "ஏன் குளிக்கவில்லை?" என்று கேட்பவனை என்னவென்று சொல்வது?

மொழிக்கும் வன்முறைக்கும் முடிச்சா?

கேமரூன் இன்னொன்றும் செய்தார். ஆங்கிலம் தெரியாததைத் தீவிரவாதத்தோடு சேர்த்துப் பேசினார். மொழி தெரியாதவர்கள் எல்லோரும் தீவிரவாதிகள் என்று சொல்லவில்லை என ஒரு சமாதானத்தையும் சேர்த்துக்கொண்டார். பழி விழ வேண்டிய இடத்தில் விழுந்த பிறகு சமாதானம் எதற்கு?

2005 ஜூலை 7 அன்று லண்டனில் குண்டு வைத்து 52 அப்பாவிகளைக் கொன்ற கொடியவர்கள் நால்வர். அவர்களில் மூவர் பிரிட்டனிலேயே பிறந்து, ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர்கள். நான்காமவர் ஆங்கிலம் வழங்கும் ஜமைக்காவில் பிறந்தவர். யாருக்கு ஆங்கிலம் தெரியாது? வீட்டில் ரொட்டி சுட்டுப் பிள்ளைகளை வளர்க்கும் ஏழைத் தாய் மீது இந்தப் பழியைப் போடுவது எந்த ஊர் நியாயம்? பிரிட்டிஷ் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் பெண்ணும் கேமரூனின் சொந்தக் கட்சிக்காரருமான சயீதா வார்சியே இதைக் கண்டித்தார் என்றால், நாம் சொல்ல என்ன இருக்கிறது!

எத்தனை பேருக்காக இவ்வளவு கூச்சல்? 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆங்கிலம் அறவே பேசத் தெரியாதவர்கள் 1,61,000 பேர். மக்கள்தொகையில் 0.3 சதவீதம்! வேலைக்கும் படிப்புக்கும் வருபவன் ஆங்கிலத் தேர்வு எழுதித்தான் விமானம் ஏறுகிறான். எஞ்சியிருப்பவர்களில் போருக்குத் தப்பி வந்த அகதிகள் உண்டு. கணவனைப் பின்தொடர்ந்து வந்த பெண்கள் உண்டு. முதுமையடைந்த பெற்றோர் உண்டு. தேர்வு என்ற தடி விழுவது இந்த எளியவர்கள் முதுகில்தான்.

பரீட்சை என்ற பெயரில் பூட்டு

மொழித் தேர்வைக் கதவுக்குப் பூட்டாக்கும் வித்தை வெள்ளையனுக்குப் புதிதல்ல. 1897ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இந்தியர்கள் வருவதைத் தடுக்க, ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கரும்புத் தோட்டத்தில் உழைக்கத் தமிழன் வேண்டும். சுதந்திர மனிதனாக வந்து இறங்கினால் மட்டும் மொழி வேண்டும்!

அதைப் பார்த்து ஆஸ்திரேலியா 1901ல் ஒரு சட்டம் செய்தது. வந்திறங்குபவன் ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்களைக் கேட்டு எழுத வேண்டும். எந்த மொழி என்பதை அதிகாரி முடிவு செய்வார். 1934ல் எகான் கிஷ் என்ற செக் நாட்டுப் பத்திரிகையாளரைத் தடுக்க நினைத்தார்கள். அவரோ பல மொழி அறிந்தவர். என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள்! அது செல்லாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. இந்தக் கேலிக்கூத்து 1958 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது.

அதே ஆஸ்திரேலியா நல்ல வழியையும் காட்டியிருக்கிறது. 1948 முதல் குடியேறிகளுக்கு அரசே இலவசமாக ஆங்கிலம் கற்பித்து வருகிறது. 510 மணி நேரம் என்று இருந்த வரம்பையும் 2021ல் நீக்கிவிட்டது. கற்பிக்க மனமிருந்தால் வழியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் மண்ணுக்கு வந்தபோது?

ஆங்கிலேயன் சென்னைக்கு வந்தபோது யார் அவனிடம் தமிழ்த் தேர்வு கேட்டார்கள்? ஆளுவதற்கு மொழி தேவைப்பட்டதும் 1812ல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைத் திறந்தான். கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குச் சம்பளமும் கொடுத்து, முன்ஷிகளை வைத்துத் தமிழும் தெலுங்கும் கற்பித்தான். தனக்கென்றால் ஆசிரியரும் சம்பளமும், அடுத்தவனுக்கென்றால் மிரட்டலா?

இன்றும் துபாயில் பத்தாண்டு, இருபதாண்டு வாழ்ந்தும் அரபியில் நாலு வார்த்தை பேசத் தெரியாத ஆங்கிலேயரை நீங்கள் பார்த்ததில்லையா? அவரை யாரும் "ஒட்டாதவர்" என்று தூற்றுவதில்லை. அவருக்கு "எக்ஸ்பாட்" என்று மரியாதையான பெயர் வேறு!

நம் வீட்டையும் பார்ப்போம்

சகோதரனே! ஊரார் குறையைச் சொல்லிவிட்டு நம் குறையை மூடி மறைப்பது நேர்மையல்ல.

பிரிட்டனில் மனைவியை வகுப்புக்கு அனுப்ப மறுக்கும் கணவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். "அவளுக்கு எதற்கு இங்கிலீஷ்?" என்கிறார்கள். பிரசவ அறையில் மருத்துவச்சி கேட்பதற்கு அவள் எப்படிப் பதில் சொல்வாள்? கணவன் அடித்தால் காவல்துறைக்கு எப்படிச் சொல்வாள்? எட்டு வயதுப் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப் போய், தாயின் அந்தரங்க நோயை அவன் வாயால் சொல்ல வைப்பது கண்ணியமா? மொழி தெரியாதவளின் உரிமை அடுத்தவர் நாக்கில் இருக்கிறது. அதனால்தான் அவள் கற்க வேண்டும். கேமரூனைத் திருப்திப்படுத்த அல்ல!

ஆங்கிலம் கற்றால் அடையாளம் போய்விடும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. யூதர்களோடு கடிதத் தொடர்பு தேவைப்பட்டபோது, அவர்களுடைய எழுத்தைக் கற்கும்படி ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அரை மாதத்திற்குள் அவர்கள் கற்றுத் தேர்ந்தார்கள் என்பது ஹதீஸ். 1796ல் மலாக்காவில் பிறந்த, நாகூர் வழிவந்த முன்ஷி அப்துல்லாஹ் தமிழும் கற்றார், மலாய் இலக்கியத்திற்கும் முன்னோடியானார், ஆங்கிலேயருக்கே மலாய் கற்றுக்கொடுத்தார். அவருடைய மார்க்கம் எங்கே போய்விட்டது?

எனவே இளைஞனே! வெளிநாடு போகிறாயா? போகுமுன் மொழியைக் கற்றுக்கொள். மனைவியை அழைத்துப் போகிறாயா? டிக்கெட் எடுக்கும் முன்பே அவளையும் கற்கச் செய். அங்கே பள்ளிவாசல் நிர்வாகத்தில் உனக்குக் குரல் இருந்தால், வாரத்தில் இரண்டு நாள் பெண்களுக்கு வகுப்பு நடத்து. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வை.

அதைச் செய்துவிட்டு அந்த நாட்டு அரசிடம் தலைநிமிர்ந்து கேள்: "நாங்கள் படிக்கத் தயார். வகுப்பு எங்கே? ஆசிரியர் எங்கே? எங்களிடம் வாங்கிய வரி எங்கே?"

கற்பது நம் கடமை. கற்பிப்பது அவர்கள் கடமை. தன் கடமையைச் செய்யாதவனுக்கு அடுத்தவனைத் தண்டிக்கும் உரிமை இல்லை. சிந்தியுங்கள்!