குப்பை அஞ்சலுக்கு நடுவே ஒரு மருத்துவ அறிக்கை

கீழப்பழுவூரிலிருந்து அரியலூருக்கோ திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ சென்று பரிசோதனை செய்துகொள்வோர், அதன் முடிவை வாங்குவதற்காகவே மீண்டும் ஒரு நாள் வேலையையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்த காலம் ஒன்று இருந்தது. இன்று பல ஆய்வகங்கள் அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பிவிடுகின்றன. நோயுற்றோருக்கு இது பேருதவியே. ஆயினும், வந்து சேர்ந்த அறிக்கை நம் கண்ணில் பட்டால்தான் அவ்வுதவி முழுமையடையும்.

என் தாயாரின் கழுத்தில் தோன்றிய கட்டியிலிருந்து ஊசி வழியாகத் திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு மூன்றாம் நாளே மின்னஞ்சலில் வந்துவிட்டது. நாங்கள் கொடுத்திருந்தது என் மகனின் முகவரி. கல்லூரி விண்ணப்பத்திற்காகத் தொடங்கப்பட்ட அம்முகவரியையே பின்னர்த் துணிக்கடை, கைப்பேசிக் கடை, வேலைவாய்ப்புத் தளம், கடன் செயலி என்று கேட்ட இடமெல்லாம் கொடுத்திருந்தோம். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது விளம்பரங்கள் வந்து குவியும் பெட்டியை வீட்டில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. தொலைபேசி அழைப்பு வருமென்று காத்திருந்து, பன்னிரண்டாம் நாள் நேரில் சென்று கேட்டோம். "அன்றே அனுப்பிவிட்டோமே" என்றார்கள். தேடியபோது அது ஸ்பேம் பகுதியில் கிடந்தது. கட்டி தீங்கற்றது என்று அறிக்கை கூறியது. அந்த நற்செய்தி பெட்டிக்குள் கிடக்க, என் தாயார் ஒன்பது இரவுகள் உறக்கமின்றிக் கழித்தார். செய்தி வேறாக இருந்திருப்பின், சிகிச்சை ஒன்பது நாள் தள்ளிப் போயிருக்கும்.

ஆதலால், மின்னஞ்சல் பெட்டியைத் துப்புரவாக வைத்திருப்பதையும் நோயாளியைப் பேணும் பணிகளுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. மருந்துச் சீட்டுகளைக் கோப்பில் அடுக்கிவைப்பதைப் போன்றதே இதுவும்.

இத்தொல்லை புதியதன்று. 1978ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், அமெரிக்கக் கணினி நிறுவனமொன்றின் விற்பனை அலுவலரான கேரி துர்க், அர்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ நானூறு பேருக்குத் தம் நிறுவனக் கணினிகளைப் பற்றிய விளம்பரத்தை ஒரே நேரத்தில் அனுப்பினார். கேளாமல் வந்த விளம்பர அஞ்சல்களுள் முதலாவதாக அதையே குறிப்பிடுகின்றனர். கடிதத்திற்குத் தபால்தலை வேண்டும்; மின்னஞ்சலை இலட்சம் பேருக்கு அனுப்பினாலும் பெரிய செலவில்லை. அனுப்புவோர் தாமாக நிறுத்துவார்கள் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. நம் நாட்டில் விளம்பர அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் தடுக்க 1909 என்னும் எண்ணில் பதிவு செய்யலாம். மின்னஞ்சலுக்கு அத்தகைய பதிவேடு இல்லை. எனவே, தற்காப்பு பெரிதும் நம் கையிலேயே உள்ளது.

முதலாவதாக, மருத்துவத்திற்கென்றே தனி முகவரி ஒன்றைத் தொடங்குக. மருத்துவமனை, ஆய்வகம், காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றிற்கு அன்றி வேறு எவருக்கும் அதைக் கொடுக்க வேண்டா. வீட்டில் இருவருக்காவது அதைத் திறந்து பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவதாக, அறிக்கை அனுப்பும் முகவரியைக் கேட்டறிந்து, தொடர்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்க. அவ்வாறு செய்தால் அது ஸ்பேம் பகுதிக்குத் தள்ளப்படும் வாய்ப்புக் குறையும்.

பழைய பெட்டியைத் துப்புரவு செய்யும்போது இருவகை அஞ்சல்களைப் பிரித்தறிய வேண்டும். நாம் பொருள் வாங்கிய, நமக்குத் தெரிந்த நிறுவனத்தின் விளம்பரமாயின், 'அன்சப்ஸ்கிரைப்' என்னும் விலகல் இணைப்பை அழுத்தி விலகிக்கொள்ளலாம். முன்பின் அறியாத இடத்திலிருந்து வந்ததாயின், அவ்விணைப்பைத் தொடவே கூடாது. தொட்டால், இம்முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அனுப்பியவருக்கு நாமே அறிவித்ததாகும். அதை ஸ்பேம் என்று குறித்துவிடுவதே தக்கது.

வடிகட்டும் வேலையை மென்பொருளே செய்துவிடுமே என்று சிலர் கூறுவர். பெரும்பகுதியை அது செய்கிறது என்பது உண்மையே. எனினும் எங்கள் அறிக்கையை மறைத்ததும் அதுவே. ஜிமெயிலில் ஸ்பேம் பகுதிக்குச் சென்றவை 30 நாட்களுக்குப் பின் தாமாகவே அழிக்கப்படும். ஆகவே, அறிக்கைக்காகக் காத்திருக்கும் நாட்களில் நாள்தோறும், ஏனைய காலங்களில் வாரம் ஒருமுறையேனும் அப்பகுதியைப் பார்த்துவிடுதல் நலம். மேலும், ஜிமெயிலில் கட்டணமின்றிக் கிடைக்கும் 15 ஜிபி இடம், கூகுளில் சேமிக்கும் படங்களுக்கும் கோப்புகளுக்கும் சேர்த்தே அளிக்கப்படுவதாகும். அது நிரம்பிவிட்டால் புதிய அஞ்சல் நம்மை வந்தடையாது.

நோயுற்ற வீட்டின் அச்சத்தையும் அவசரத்தையும் குறிவைத்து வரும் அஞ்சல்களும் உண்டு. காப்பீட்டுத் தொகையை விடுவிக்க வங்கி விவரம் தருக, நிலுவையை உடனே செலுத்துக என்றெல்லாம் அவை கூறும். அவற்றிலுள்ள இணைப்பையோ தொலைபேசி எண்ணையோ பயன்படுத்தாமல், மருத்துவமனைச் சீட்டில் அச்சிட்டுள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். ஓடிபி எண்ணை எவருக்கும் கூறாதீர்கள். பணம் பறிபோய்விட்டால், சற்றும் தாமதிக்காமல் 1930 என்னும் உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

இவ்வளவையும் நோயாளியின் கடமையாக மட்டும் விட்டுவிடுவது நியாயமாகாது. மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அறிக்கை அனுப்பும் அதே முகவரியிலிருந்து பண்டிகை வாழ்த்தையும் முழு உடற்பரிசோதனைச் சலுகையையும் அனுப்பாதீர்கள். சலுகை அஞ்சலால் சலிப்புற்றவர் அம்முகவரியை ஸ்பேம் என்று குறித்துவிட்டால், அடுத்து வரும் அறிக்கையும் அதே பகுதிக்குச் சென்றுவிடக்கூடும். அறிக்கை அனுப்பிய அன்றே குறுஞ்செய்தி ஒன்றையும் அனுப்பலாம். உயிர்த்திசுப் பரிசோதனை போன்றவற்றிற்குத் தொலைபேசியில் ஒரு சொல் கூறுதல் இன்னும் நன்று. மேலும், 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்நோக்கத்திற்காக இசைவு பெறப்பட்டதோ அதற்கே தரவைப் பயன்படுத்த வேண்டும் என்றும், இசைவைக் கொடுப்பது போன்றே திரும்பப் பெறுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்றும் நெறி வகுத்துள்ளது. எனவே, படிவத்தில் மின்னஞ்சல் முகவரியை எழுதுமுன், "இது எதற்காக?" என்று கேட்கத் தயங்க வேண்டா.

என் தாயாருக்கு இப்போது தனி முகவரி இருக்கிறது. அவருடைய மருத்துவக் கோப்பின் மேலட்டையில், இரத்தப் பிரிவுக்குக் கீழே, பெரிய எழுத்தில் அதை எழுதி வைத்திருக்கிறோம். இவ்விதழைப் புறநோயாளிகள் பிரிவில் காத்திருக்கும் வேளையில் படிக்கின்றீர்களாயின், உங்கள் பெயரை அழைப்பதற்குள் கைப்பேசியின் ஸ்பேம் பகுதியை ஒருமுறை திறந்து பாருங்கள்.