விளிம்பைப் பார்த்துத் தோல் வாங்கு

பெரிய கடையில் வாங்கிய பெல்ட் முதலில் எங்கே கெடுகிறது? பக்கிள் கறுப்பதற்கு முன்பே, துளை இழுபட்டு நீளமாவதற்கு முன்பே, அதன் ஓரம் நாடா போல உரிய ஆரம்பிக்கும். நகத்தால் இழுத்தால் ரப்பர் மாதிரி வரும். உள்ளே எட்டிப் பார்த்தால் இரண்டு மெல்லிய தோல் பட்டைகள், நடுவில் அழுத்தி ஒட்டிய அட்டை. பின்பக்கத்து 'ஜெனுயின் லெதர்' முத்திரை மட்டும் அழியாமல் பளிச்சென்று இருக்கும்.

இந்த எரிச்சலில்தான் பலர் சொந்தமாகத் தோல் வேலை செய்யக் கிளம்புகிறார்கள். மும்பை, பெங்களூர், புனே என்று அடுக்குமாடி வீடுகளில் ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேஜை பட்டறையாக மாறுகிறது. வங்கி ஊழியர் பர்ஸ் தைக்கிறார், சாஃப்ட்வேர்காரர் கைக்கடிகாரப் பட்டை செய்கிறார். நல்ல பொழுதுபோக்குதான். துளை போடும்போது எழும் சத்தத்தைக் கீழ்வீட்டுக்காரர் பொறுத்துக்கொண்டால், யாருக்கும் தொந்தரவில்லை.

ஆனால் ஆரம்பிக்கிற எல்லோரும் அநேகமாக ஒரே தவறைச் செய்கிறார்கள். கையிலுள்ள பணத்தையெல்லாம் கருவிகளில் கொட்டிவிட்டு, தோலைக் கிடைத்த இடத்தில் கிடைத்த விலைக்கு வாங்குகிறார்கள். ஜப்பானியத் துளையுளியும் ஜெர்மன் ஊசியும் வந்து சேர்ந்துவிடும். தோலோ, அந்தக் கருவிகள் எதற்கும் மசியாத தோலாக இருக்கும்.

மும்பை தாராவியின் தோல் கடைகளில் இதை நேரில் பார்க்கலாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் தோல் பதனிடத் தொடங்கிய இடம் அது. பதனிடும் வேலை அங்கிருந்து போய்விட்டது. இப்போது சென்னை, கான்பூர், கொல்கத்தா சரக்கு சுருள் சுருளாக வந்து இறங்குகிறது. விற்பனை சதுர அடிக் கணக்கில். நிறமும் வழவழப்பும் பார்த்து மயங்கி வாங்கப்படும் அந்தச் சுருள்களில் பெரும்பகுதி க்ரோம் தோல். க்ரோமியம் உப்பில் பதனிட்டது. சீக்கிரம் தயாராகிறது, மென்மையானது, வெந்நீரையும் தாங்கும். உலகத் தோலில் பெரும்பகுதி இன்று இப்படித்தான் பதனிடப்படுகிறது. பை, ஜாக்கெட், ஷூ எல்லாவற்றுக்கும் பொருத்தமானது. கையால் விளிம்பை மெருகேற்றவோ, பூ வேலை அழுத்தவோ மட்டும் அது உதவாது. ஸ்பாஞ்ச் போல அமுங்கி, மறுபடி எழுந்து நின்றுவிடும்.

பொழுதுபோக்குக்காரருக்கு வேண்டியது பட்டையில் பதனிட்ட தோல். ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் இவற்றின் துவர்ப்பில் நாள் கணக்கில், கனத்த தோலானால் வாரக் கணக்கில் ஊறியது. இரண்டையும் பிரித்தறிய நிபுணர் தேவையில்லை, வெட்டிய விளிம்பைப் பார்த்தால் போதும். நடுவில் நீலச் சாம்பல் நிறம் ஓடினால் க்ரோம். உள்வரை வைக்கோல் நிறமோ பழுப்போ இருந்தால் பட்டைத் தோல். விளிம்பிலும் சாயம் ஏற்றியிருந்தால், ஒரு சிறு துணுக்கைக் கொளுத்திப் பார்க்கலாம். க்ரோம் தோலின் சாம்பலில் பச்சை தெரியும். சாயமும் பூச்சும் ஏறாத பட்டைத் தோல் மீது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே கறுத்து உள்ளே இறங்கும். நகத்தால் கோடிட்டால் கோடு நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பட்டைத் தோலுக்கு உலகம் வைத்த பெயரே நம்முடையது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்களில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டு எண்ணெய் பூசி, அரைப்பதத்தில் கப்பலேறியதுதான் 'ஈஸ்ட் இந்தியா' தோல். வியாபாரத்தில் சுருக்கமாக ஈ.ஐ. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்சுகளுக்கு மேல்தோல் கொடுத்தது அது. ஆவாரம்பட்டையின் இடத்தை இன்று பெரும்பாலும் வாட்டில் மரத்தின் பட்டைச் சாறு பிடித்துக்கொண்டது, ஆனாலும் முறை அழியவில்லை. புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. வங்கத்தில் சாந்திநிகேதன் பர்ஸ்களும் பைகளும் இந்த ஈ.ஐ. ஆட்டுத்தோலில்தான் உயிர் பெறுகின்றன. 1920களில் தாகூரின் மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும் ஸ்ரீநிகேதனில் வளர்த்த கலை அது. அந்தப் பர்ஸ்களின் மேல் புடைத்து நிற்கும் பூவும் பாத்திக் சாயமும் க்ரோம் தோலில் பிடிபடாதவை.

அப்படியிருந்தும் மும்பையிலோ டெல்லியிலோ ஒருவர் ஒரே ஒரு ஈ.ஐ. தோல் வாங்க நினைத்தால் திண்டாட்டம்தான். பதனிடும் ஆலைகள் மொத்தமாகவே தருகின்றன. சில்லறைக் கடைக்காரருக்கு அதை வைத்து விற்பதில் லாபமில்லை. கடைசியில் ஆவாரம்பூ பூக்கும் தேசத்துக்காரர் இத்தாலியின் டஸ்கனித் தோலை இறக்குமதி விலைக்கு வாங்குகிறார். நாலைந்து பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்வது ஒரு வழி. பெல்ட்டுக்கு 3 முதல் 3.5 மி.மீ. கனம் வேண்டும் என்பதால் ஆட்டுத்தோல் ஆகாது. அதற்குக் கான்பூரின் சேணத் தோல் இருக்கிறது. 1860களில் ராணுவக் குதிரைகளுக்குச் சேணம் செய்ய ஆரம்பித்த ஊர், கனத்த பட்டைத் தோலை இன்னும் மறக்கவில்லை. பர்ஸுக்கு 1 மி.மீ. போதும். இரண்டு மூன்று அடுக்கு சேரும் இடங்களில் அதையும் சீவி மெல்லிதாக்க வேண்டும்.

கருவிகள் விஷயத்துக்கு வரலாம். நல்ல கத்தி, இரும்பு ஸ்கேல், கவராயம், குத்தூசி, துளையுளி, கொட்டாப்புளி, முனை மழுங்கிய இரண்டு ஊசி, மெழுகு ஏற்றிய நூல். இதற்கு மேல் வாங்குவதெல்லாம் ஆசை. இவற்றில் பாதி தெருமுனையில் செருப்புத் தைப்பவரின் தகரப் பெட்டியில் இருக்கிறது. வடக்கே ராம்பி என்று சொல்லும் அகலவாய்க் கத்தி ஒன்றே வெட்டும், சீவும், சுரண்டும். அதைக் கல்லில் தீட்டித் தோலில் இழுத்துக் கூராக்கும் விதத்தைப் பத்து நிமிடம் நின்று பார்த்தால், பயிற்சி வகுப்பில் ஒரு நாள் மிச்சமாகும். கொக்கி முனையுள்ள ஆரியும் அவருடையதே. கல்யாண பிளவுஸில் செய்கிற 'ஆரி வேலை' இருக்கிறதே, அது கட்ச் பகுதியின் மோச்சிகள் தோலிலிருந்து துணிக்குக் கொண்டுபோன கைவேலை.

தோலைத் தொட்டவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய நாட்டில் தோல் வேலை பொழுதுபோக்காகியிருப்பது சின்ன மாற்றமல்ல. அதில் ஒரு கசப்பும் உண்டு. நான்கு பல் துளையுளிக்குச் சில ஆயிரம் ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுப்பவர், அறுந்த வாரைத் தைத்துக் கொடுத்தவரிடம் பத்து ரூபாயைக் குறைக்கச் சொல்கிறார். பையனுக்கு இந்தத் தொழில் வேண்டாம் என்று அவர் முடிவெடுத்திருப்பார், அது நியாயமும்கூட. ஆனால் மேல்தட்டுப் பட்டறைகளில் கைவினைஞர் என்ற மரியாதை கிடைக்கும் அதே வேலைக்கு, நடைபாதையில் கிடைக்கும் பெயர் வேறு.

தையலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். இயந்திரத் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கோத்துப் பிடித்திருக்கும். ஒன்று அறுந்தால் பிடி தளரும், போகப்போகத் தையல் பிரியும். சேணத் தையலில் ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராக நுழைகின்றன. ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபாதி பிடித்துக்கொள்ளும். தைக்கும் நீளத்தைப் போல மூன்று நான்கு மடங்கு நூல் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த ஊசி முதலில் போகிறதோ, கடைசித் துளை வரை அதுவே முதலில் போக வேண்டும். நடுவில் மாறினால் தையலின் சாய்வு மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பொறுமை முழுவதையும் கேட்பது விளிம்புதான். தைத்து முடித்ததும் அடுக்குகள் ஒரே மட்டமாக வரும்வரை கத்தியால் நறுக்கி, 220, பிறகு 400 நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இரு பக்கக் கூர்முனைகளையும் சீவி உருட்ட வேண்டும். சாயம் பூசுவதானால் இப்போது. பின்பு ஈரம். விரலால் தொட்டுத் தடவும் அளவு போதும். கொட்டினால் நார் ஊதி, விளிம்பு காளான் போல விரிந்துவிடும். அதன்மேல் காடாத் துணியாலோ, பள்ளம் கடைந்த மரக்கட்டையாலோ வேகமாக, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். உராய்வின் சூட்டில் நார்கள் படிந்து ஒட்டிக்கொள்ளும். அழுத்தித் தேய்ப்பவருக்குத் தோள்வலிதான் மிச்சம். 600 நம்பர் தாள், மறுபடி ஈரம், மறுபடி தேய்ப்பு. மூன்றாவது சுற்றில் கண்ணாடி போல ஒரு கோடு தோன்றும், அடுக்குகளின் இணைப்பு மறையும். கடைசியாகத் தேன்மெழுகு.

ஈரத்துக்குத் தண்ணீரே போதும் என்பவர்கள் உண்டு. கோந்து சேர்த்தால் நார் நன்றாகப் படியும். வெளிநாட்டுக் குப்பிகளில் வருவது டிராககாந்த் கோந்து. வட இந்தியர்கள் கோடைச் சர்பத்தில் ஊறவைக்கும் கோந்த் கத்தீரா என்ற பெயரும் அதற்கு உரியதுதான், ஆனால் அதே பெயரில் வேறு மரத்துப் பிசின்களும் விற்கின்றன. ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் ஒத்த சாயலில் இருந்தாலும் சரக்கு வேறு. சி.எம்.சி. என்ற செல்லுலோஸ் தூளைத் தண்ணீரில் கரைத்தால் இந்தக் குழப்பமே இல்லை. சதைப்புறத்து மயிர்ச் சிலும்பலைப் படியவைக்கவும் அது உதவும்.

க்ரோம் தோல்தான் கிடைத்தது என்றால் இந்த வித்தை பலிக்காது. விளிம்பை மெல்லிதாகச் சீவி உள்ளே மடித்து ஒட்டித் தைப்பது ஒன்று. தாராவி பர்ஸ்களில் பார்ப்பது அதைத்தான். மற்றது விளிம்புப் பெயின்ட். மெல்லிய பூச்சு, காய்ந்ததும் உப்புத்தாள், மறுபடி பூச்சு என்று மூன்று நான்கு முறை போட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். பெரிய கடை பெல்ட்டில் உரிந்து வந்தது, அவசரத்தில் கனமாகப் பூசிய அதே பெயின்ட்.

பட்டைத் தோலுக்கும் ஒரு எதிரி உண்டு, இரும்பு. ஈரத்தோல்மீது இரும்பு ஸ்கேலை வைத்து மறந்தால் நீலக் கறுப்பாகக் கறை விழும், போகாது. தோலிலுள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த வேலை அது. கடுக்காயும் அன்னபேதியும் கலந்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இதே ரசாயனம்தான். விஷயம் தெரிந்தவர்கள் இந்தப் பகையையே நட்பாக்கிக்கொள்கிறார்கள். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் வாரக்கணக்கில் ஊறவைத்து வடிகட்டிய நீரைத் தோலில் தடவினால், கண்ணெதிரே கறுக்கும். கைக்கு ஒட்டாத, துணியில் இறங்காத கறுப்பு. தடவியபின் சோடா உப்புக் கரைசலால் கழுவி, எண்ணெய் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் தோல் நாளடைவில் நொறுங்கும்.

எண்ணெயில் தாராளம் கூடாது. மாட்டுக் குளம்பெண்ணெய் எனப்படும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் இரண்டு மெல்லிய கை போதும், நிறம் சற்றுக் கறுக்கும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் தடவுகிறவர்கள், டெல்லிக் குளிரில் அது தோலுக்குள் வெள்ளையாக உறைவதைப் பார்ப்பார்கள். சிக்குவாடையும் வரும்.

மழைக்காலம் தனிச் சோதனை. ஜூலையில் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அலமாரிக்குள் வைத்த பட்டைத் தோலில் பூஞ்சை பூக்காமல் இருந்தால் அதிர்ஷ்டம். பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் இன்னும் மோசம். பருத்தித் துணியில் சுற்றி, காற்று புழங்கும் இடத்தில் வைக்க வேண்டும். அப்படியும் படிந்தால், வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் தொங்கவிடலாம். வெயிலில் போட்டால் விறைத்து வெடித்துவிடும், அப்புறம் எந்த எண்ணெயும் அதை மீட்காது.